பொதுக் காரணியா, பொது மடங்கா: வினாவை வாசித்து எப்படித் தீர்மானிப்பது?

தரம் 7இல் படிக்கும் மகளுக்கு வீட்டில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் நீங்கள், பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து எழுதிக் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் பொதுக் காரணியையும் பொது மடங்கையும் காண்பது எப்படி என்ற வினாவைப் போலத் தோன்றுகிறது. எழுதியதை முழுவதும் வாசித்தபோது, காணும் முறை உங்களுக்கும் மகளுக்கும் நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. உண்மையில் நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. வசனக் கணக்கு ஒன்றைக் கண்டவுடன் இரண்டில் எதைக் காணவேண்டும் என்று எப்படித் தீர்மானிப்பது என்பது முதலாவது. இரண்டு எண்களின் பெருக்கம் அவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியதையும் (பொ.கா.பெ.) பொது மடங்குகளுட் சிறியதையும் (பொ.ம.சி.) பெருக்கினால் வருவதற்குச் சமம் என்ற விதி மூன்று எண்களுக்கு ஏன் பொய்த்துப்போகிறது என்பது இரண்டாவது. மகளின் வினாத்தாளில் வந்த போயாக் (பூரணை தினம்) கணக்கின் விடை சரிதானா என்பது மூன்றாவது.

மலையகத் தோட்டப் பாடசாலைகளிலும் பின்னர் நகரப் பாடசாலை ஒன்றிலுமாக 28 வருடங்கள் தரம் 6 முதல் 11 வரை கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எண்களைப் பற்றி இங்கே சொல்வன யாவும் நிறுவக்கூடியவை. அவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், எதை முதலில் சொல்லிக்கொடுக்கலாம் என்பன என் வகுப்பறைகளில் கண்டவை மாத்திரமே. வேறொரு ஆசிரியர் வேறு விதமாகச் சொன்னால் அவரும் தவறியவர் ஆகமாட்டார்.

சொற்களை முதலில் தெளிவாக்கிவிடுவோம். நமது பாடநூல்கள் 'பொதுக் காரணிகளுட் பெரியது', 'பொது மடங்குகளுட் சிறியது' என்று சொல்பவற்றையே தமிழ்நாட்டுக் காணொளிகள் 'மீப்பெரு பொதுக் காரணி', 'மீச்சிறு பொது மடங்கு' என்கின்றன. நாம் முதன்மை எண் என்பதை அவர்கள் பகா எண் என்கிறார்கள். பொருள் ஒன்றுதான், மகள் இரண்டையும் கேட்டுப் பழகுவதில் தீங்கில்லை.

தீங்கு இருப்பது, டியூஷன் வகுப்பில் கொடுத்ததாக நீங்கள் எழுதியிருக்கும் குறுக்குவழியில்தான். வினாவில் 'மிகப் பெரிய', 'உச்ச' என்று வந்தால் பொ.கா.பெ. காண்க, 'மிகச் சிறிய', 'ஆகக் குறைந்த' என்று வந்தால் பொ.ம.சி. காண்க என்பது அந்த விதி. இது பெரும்பாலான பாடநூல் வினாக்களுக்குப் பொருந்திவிடுவதால்தான் இத்தனை காலம் உயிரோடிருக்கிறது. ஆனால் மகள் புள்ளி இழந்த தரையோட்டுக் கணக்கையே பாருங்கள். 252 சென்றிமீற்றர் நீளமும் 180 சென்றிமீற்றர் அகலமும் உள்ள தரையொன்றை, ஒரே அளவான சதுர ஓடுகளால், எதையும் வெட்டாமல் நிரப்பவேண்டும். ஆகக் குறைந்தது எத்தனை ஓடுகள் தேவை என்பது வினா. 'ஆகக் குறைந்தது' என்ற சொல்லைக் கண்டதும் மகள் பொ.ம.சி. கண்டு 1260 என்று எழுதியிருக்கிறாள். 252 சென்றிமீற்றர் தரைக்குள் 1260 சென்றிமீற்றர் ஓடு எப்படி நுழையும் என்று அவள் யோசிக்கவில்லை; யோசிக்கத் தேவையில்லை என்றுதானே அந்த விதி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஓடுகளின் எண்ணிக்கை குறையவேண்டுமானால் ஓடு பெரிதாகவேண்டும். ஓட்டின் பக்கம் 252ஐயும் மீதியின்றி வகுக்கவேண்டும், 180ஐயும் மீதியின்றி வகுக்கவேண்டும். ஆகவே தேவைப்படுவது பொ.கா.பெ.; அது 36. நீளப் பக்கத்தில் 7, அகலப் பக்கத்தில் 5, மொத்தம் 35 ஓடுகள். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. 12ஆலும் 18ஆலும் மீதியின்றி வகுபடும் மூன்றிலக்க எண்களுள் மிகப் பெரியது எது என்று கேட்டால், 'மிகப் பெரியது' என்ற சொல் இருந்தபோதிலும் நமக்கு வேண்டியது பொ.ம.சி.யான 36தான், அதன் மடங்குகளில் 1000ஐத் தாண்டாத கடைசி எண் 972.

ஆகவே பெரியது, சிறியது என்ற சொற்களை மறந்துவிட்டு, கொடுக்கப்பட்ட எண்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்கள் உடைபடுகின்றனவா, அல்லது மேலும் மேலும் அடுக்கப்படுகின்றனவா? மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொடுக்க 84 கொப்பிகளும் 60 பென்சில்களும் இருக்கின்றன, ஒவ்வொரு பொதியும் ஒரேமாதிரி இருக்கவேண்டும், எதுவும் மிஞ்சக்கூடாது என்றால், 84உம் 60உம் கூறுபோடப்படுகின்றன. பொதிகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் காரணியாகவேண்டும். ஆகக்கூடியது 12 பொதிகள், ஒவ்வொன்றிலும் 7 கொப்பிகளும் 5 பென்சில்களும். மாறாக, தேயிலைத் தோட்டமொன்றின் மேமலையில் 6 நாளுக்கு ஒருமுறையும் கீழ்மலையில் 9 நாளுக்கு ஒருமுறையும் கொழுந்து பறிக்கிறார்கள், இன்று இரண்டு மலையிலும் பறித்தார்கள், மறுபடியும் எப்போது ஒரே நாளில் இரண்டிலும் பறிப்பார்கள் என்றால், 6உம் 9உம் உடைபடவில்லை. 6, 12, 18 என்றும் 9, 18 என்றும் நாட்கள் அடுக்கிக்கொண்டே போகின்றன. 18ஆம் நாளில் சந்திக்கின்றன. 6ஐயும் 9ஐயும் பெருக்கி 54 என்று எழுதும் பிள்ளை முற்றாகத் தவறவில்லை. 54ஆம் நாளிலும் இரண்டு மலையிலும் பறிப்பார்கள்தான்; அதற்குமுன் 18ஆம் நாளிலும் 36ஆம் நாளிலும் பறித்திருப்பார்கள், அவ்வளவுதான். (தோட்டத்தில் வேலைசெய்பவர்கள் இந்தக் கணக்கை வாசித்தால் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வரட்சியில் ஒரு பறிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ரவுண்டு நீளும், மழைக்குப் பிறகு கொழுந்து முந்திக்கொண்டு வரும், தீபாவளிக்கு எல்லாமே தள்ளிப்போகும்.)

விடை வந்தபின் சரிபார்க்க இரண்டு வரம்புகள் போதும். பொதுக் காரணி எதுவும் கொடுக்கப்பட்ட எண்களுள் மிகச் சிறியதைத் தாண்டாது. பூச்சியம் அல்லாத பொது மடங்கு எதுவும் அவற்றுள் மிகப் பெரியதற்குக் கீழே வராது. 1260 என்று எழுதிய அன்றைக்கு இந்த வரம்பை அறிந்திருந்தால், அந்த எண் ஓட்டின் பக்கமாக இருக்கமுடியாது என்பதை மகள் தானே கண்டுபிடித்திருப்பாள். கொழுந்துக் கணக்கில் இன்னொரு சறுக்கலும் உண்டு. இன்றைய நாளை ஒன்று என எண்ணத் தொடங்கும் பிள்ளை ஒருநாள் முந்திவிடும். இன்று திங்கட்கிழமையானால் 18 நாட்களின் பின்னர் வருவது வெள்ளிக்கிழமை. விரலை மடக்கி இன்றையும் சேர்த்து எண்ணினால் வியாழன் என்று வரும். கிழமையைக் கேட்கும் வினாக்களில் நான் பார்த்த பிழைகளில் கணிசமானவை வகுத்தலால் வந்தவையல்ல, இந்த எண்ணிக்கையால் வந்தவை.

பாடநூல் வேகமாகக் கடந்துபோகும் ஓர் உண்மையை இங்கே நிறுத்திச் சொல்லவேண்டும், ஏனெனில் இது தெரிந்தால் வேலை பாதியாகும். இரண்டு எண்களின் பொதுக் காரணிகள் எல்லாவற்றையும் காண, இரண்டின் காரணிகளையும் தனித்தனியே எழுதி ஒப்பிடவேண்டியதில்லை. பொதுக் காரணி ஒவ்வொன்றும் பொ.கா.பெ.யின் காரணியாகவே இருக்கும். 84க்கும் 60க்கும் பொ.கா.பெ. 12 என்று தெரிந்தவுடன், பொதுக் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்பவைதான், வேறில்லை என்று எழுதிவிடலாம். அதேபோலப் பொது மடங்கு ஒவ்வொன்றும் பொ.ம.சி.யின் மடங்குதான். 84இன் காரணிகளையே எழுதவேண்டியிருந்தால் சோடி சோடியாக எழுதச் சொல்லுங்கள்: 1உம் 84உம், 2உம் 42உம், 3உம் 28உம், 4உம் 21உம், 6உம் 14உம், 7உம் 12உம். ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்த்ததோடு நிறுத்திவிடலாம், ஏனென்றால் பத்தைப் பத்தால் பெருக்கினாலே 84ஐத் தாண்டிவிடுகிறது. 10க்கு மேற்பட்ட காரணி ஏதும் இருந்தால் அதன் சோடி ஏற்கெனவே இடப்பக்கத்தில் வந்திருக்கும்.

பூச்சியமும் எல்லா எண்களுக்கும் மடங்குதானே, அப்படியானால் பொது மடங்குகளுட் சிறியது எப்போதும் பூச்சியம் ஆகாதா என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது உண்டு. கேட்டது முற்றிலும் சரி. பூச்சியம் பொது மடங்கேதான். அதைச் சேர்த்தால் எல்லா வினாக்களுக்கும் ஒரே விடை வந்து பயனற்றுப்போகும் என்பதனால், நேர் எண்களுக்குள் சிறியது என்று நாம் வரைவிலக்கணம் வைத்துக்கொள்கிறோம். இந்தப் பூச்சியம் பின்னர் ஒருமுறை திரும்பி வரும்.

இனி உங்கள் இரண்டாம் வினா. 12ஐயும் 18ஐயும் எடுத்தால் பொ.கா.பெ. 6, பொ.ம.சி. 36, இவற்றின் பெருக்கம் 216, 12ஐ 18ஆல் பெருக்கினாலும் 216. இது தற்செயலன்று. முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் 12இல் இரண்டு 2களும் ஒரு 3உம், 18இல் ஒரு 2உம் இரண்டு 3களும் இருக்கின்றன. பொ.கா.பெ. ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறது, பொ.ம.சி. கூடிய எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறது. இரண்டே எண்கள் இருக்கும்போது குறைந்ததும் கூடியதும் சேர்ந்தால் இரண்டுமே வந்துவிட்டன, ஒன்றும் விடுபடவில்லை. மூன்று எண்கள் வரும்போது குறைந்ததும் கூடியதும் எடுக்கப்பட, நடுவில் நிற்பதை இரண்டும் எடுப்பதில்லை. 4, 8, 16 என்பவற்றைப் பாருங்கள். அவற்றில் முறையே இரண்டு, மூன்று, நான்கு 2கள் உள்ளன, மொத்தம் ஒன்பது. பொ.கா.பெ.யான 4 இரண்டை எடுத்தது, பொ.ம.சி.யான 16 நான்கை எடுத்தது. நடுவிலிருந்த மூன்று காணாமற் போயிற்று. அதனால்தான் 4ஐ 16ஆல் பெருக்கினால் 64 வருகிறது, மூன்று எண்களின் பெருக்கமோ 512.

விதி மூன்று எண்களுக்குச் சிலவேளை பொருந்துவதாக நீங்கள் கண்டதும் சரியே. 4, 5, 9 என்பவற்றின் பொ.கா.பெ. 1, பொ.ம.சி. 180, பெருக்கமும் 180. மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்கு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லையெனில் மாத்திரம் அது பொருந்தும்; அப்போதுதான் நடுவில் விடுபட ஒன்றும் இராது. மூன்றுக்கும் சேர்த்துப் பொ.கா.பெ. 1 என்பது மாத்திரம் போதாது என்பதைக் கவனியுங்கள். 6, 10, 15 என்பவற்றின் பொ.கா.பெ. 1தான், ஆனால் பொ.ம.சி. 30, பெருக்கமோ 900. மூன்று எண்களுக்கும் எப்போதும் செல்லும் தொடர்பு ஒன்று உண்டு: மூன்றின் பெருக்கத்தை அவற்றின் பொ.கா.பெ.யால் பெருக்கி, பின்னர் இரண்டிரண்டாக எடுத்துக் கண்ட மூன்று பொ.கா.பெ.களாலும் வகுத்தால் பொ.ம.சி. வரும். இங்கே 900ஐ 1ஆல் பெருக்கி, 2, 5, 3 ஆகியவற்றால் வகுக்க 30. தரம் 7இல் இதை மனனம் செய்ய வைக்கவேண்டாம். முதல் இரண்டு எண்களின் பொ.ம.சி.யைக் கண்டு, அதனோடு மூன்றாம் எண்ணை வைத்து மறுபடியும் காண்பது போதும்.

மூன்று எண்களை வரிசையாக எழுதி இடப்பக்கத்தில் வகுத்துக்கொண்டு இறங்கும் முறையிலும் இதே நடு எண் தொல்லை கொடுக்கிறது. 12, 18, 20 என்பவற்றை 2ஆல் வகுத்தால் 6, 9, 10. மூன்றையும் வகுக்கும் எண் இனி இல்லை, ஆகவே பொ.கா.பெ. 2. பொ.ம.சி.க்கு அங்கே நிறுத்தக்கூடாது. இரண்டையாவது வகுக்கும் எண் இருக்கும்வரை தொடரவேண்டும். மறுபடியும் 2ஆல் வகுக்க 3, 9, 5. 3ஆல் வகுக்க 1, 3, 5. இடப்பக்கத்தையும் அடியையும் பெருக்க 180. முதற் படியிலேயே நிறுத்திப் பெருக்கினால் 1080 என்ற பெரிய பொது மடங்கு வந்து நிற்கும். இதைவிட நுண்ணிய பிழை, வேகத்துக்காக 6ஆல் வகுக்கத் தொடங்குவது. 12உம் 18உம் 6ஆல் வகுபட, 20 அப்படியே இறங்கும்: 2, 3, 20. பின்னர் 2ஆல் வகுக்க 1, 3, 10. பெருக்கினால் 360. ஒவ்வொரு படியும் சரியாகத் தோன்றினாலும் விடை இருமடங்காகிவிட்டது, ஏனெனில் 6க்குள் இருந்த 2, 20இலும் இருந்தது. அதை நாம் வெளியே எடுக்கவில்லை. ஆகவே மூன்று எண்களின் பொ.ம.சி. காணும்போது இடப்பக்கத்தில் முதன்மை எண்களை மட்டுமே எழுதவேண்டும் என்பது வெறும் வழக்கமன்று. பொ.கா.பெ. காணும்போது, மூன்றையும் வகுக்குமானால், எந்த எண்ணாலும் வகுக்கலாம்.

எண்கள் பெரிதாகும்போது முதன்மைக் காரணி தேடுவதே வீண் வேலையாகிவிடும். 391, 527 என்பவற்றைக் கொடுத்துப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் தோற்றுப்போகும், பிள்ளை சோர்ந்துவிடும். இரண்டையும் வகுக்கும் எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆகவேண்டும் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் வழி திறக்கிறது. 527ஐ 391ஆல் வகுக்க மீதி 136. 391ஐ 136ஆல் வகுக்க மீதி 119. 136ஐ 119ஆல் வகுக்க மீதி 17. 119ஐ 17ஆல் வகுக்க மீதியில்லை. பொ.கா.பெ. 17. அதன்பின் 391ஐ 17ஆல் வகுத்து வரும் 23ஐ 527ஆல் பெருக்கினால் பொ.ம.சி. 12121. இந்த முறை கி.மு. 300ஐ அண்டி யூக்கிளிட் எழுதிய நூலின் ஏழாம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய நூலில் வரும் குட்டகம் என்ற முறையும், இன்ன எண்ணால் வகுக்க இன்ன மீதி வரும் எண் எது என்ற வினாவுக்கு, இதே தொடர் வகுத்தலைக் கொண்டுதான் விடை காண்கிறது. சிறிய எண்ணில் எத்தனை இலக்கங்கள் உண்டோ அதன் ஐந்து மடங்கைவிடக் கூடுதலான படிகள் இதற்கு ஒருபோதும் தேவைப்படா என்று லாமே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1844இல் நிறுவினார். 391க்கு 15 படிகள்வரை போகலாம் என்பது அந்த வரம்பு. நமக்கு நான்கு போதுமாயிருந்தது. மகளின் தரத்தில் இது கட்டாயமில்லை, ஆயினும் வகுத்தல் நன்றாக வரும் பிள்ளைக்கு முதன்மைக் காரணி முறையைவிட இது இலகு என்பது என் அபிப்பிராயம்.

மீதி வரும் கணக்குகளில் உடைபடுதல், அடுக்கப்படுதல் என்ற வேறுபாடு சற்று மறைந்து நிற்கும். 125ஐயும் 95ஐயும் வகுக்கும்போது ஒவ்வொன்றிலும் 5 மீதியாகும் மிகப் பெரிய எண்ணைக் கேட்டால், மீதியை முதலில் கழித்துவிடுங்கள். 120உம் 90உம் உடைபடுகின்றன, விடை 30. அப்படிப்பட்ட எண்கள் எல்லாவற்றையும் கேட்டால் 6, 10, 15, 30 என்பவை மட்டுமே. 120க்கும் 90க்கும் 1, 2, 3, 5 என்பனவும் பொதுக் காரணிகள்தான், ஆனால் 5ஆலோ அதனிலும் சிறிய எண்ணாலோ வகுக்கும்போது 5 மீதியாக முடியாது. மறுபக்கத்தில், 4, 6, 9 ஆகிய ஒவ்வொன்றாலும் வகுக்க 3 மீதியாகும் மிகச் சிறிய எண் எது என்று கேட்டால், எல்லோரும் 36உடன் 3ஐக் கூட்டி 39 என்று எழுதுவோம். புள்ளித் திட்டமும் அதையே சொல்லும். ஆனால் 3ஐயே 4ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு பூச்சியம், மீதி 3. அந்தப் பழைய பூச்சியம் இங்கே திரும்பி வந்துவிட்டது. கண்டிப்பாகச் சொன்னால் விடை 3. 39ஐ எதிர்பார்க்கும் வினா '3இலும் பெரிய' என்று சொல்லியிருக்கவேண்டும்.

கடைசியாக அந்தப் போயாக் கணக்கு. போயா 30 நாளுக்கு ஒருமுறையும் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை 7 நாளுக்கு ஒருமுறையும் வரும், இன்று இரண்டும் ஒன்றாக வந்தன, மீண்டும் எத்தனை நாளில் ஒன்றாக வரும் என்பது வினா. வினாத்தாளின் விடை 210. வினா கொடுத்த எண்களுக்கு அந்த விடை பிழையில்லை. ஆனால் ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்குச் சராசரியாக ஏறக்குறைய 29.53 நாட்கள், ஆகவே ஏழாவது போயா 210ஆம் நாளில் அன்றி 207ஆம் நாளை அண்டி, வெள்ளிக்கிழமைக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமையை ஒட்டியே வரும். பொது மடங்கு காணும் முறை முழு எண் இடைவெளிகளுக்கு உரியது. முழு எண் அல்லாத இடைவெளியை முழு எண்ணாக்கிக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் அரை நாளளவு பிழை சேர்ந்துகொண்டே போகும். பரீட்சையில் மகள் 210 என்றே எழுதட்டும். வீட்டுச் சுவரில் இருக்கும் கலண்டரில் இவ்வருடப் போயா தினங்கள் எந்தெந்தக் கிழமைகளில் விழுகின்றன என்று ஒருமுறை அவளையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.